மா சோ போ கோயில் கடைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:

அக்கா, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நினைவுப்பொருள் வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஒரு சீனர் கோயிலின் நிர்வாகக் குழு, கோயில் கடையில் வைத்து விற்க ஒரு தொகுப்பு செய்து தரச் சொல்லியிருக்கிறது. ஃபூஜியானிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்கள் மா சோ போ என்று கும்பிடுகிற கடல் அம்மன் கோயில். முதலாளி அதை என் தலையில் கட்டிவிட்டார். நான் கொடுத்த பட்டியல் இது: அம்மன் முகம் அச்சடித்த காபி மக், நான்கு கொண்ட செட், மஞ்சள் தாயத்துச் சீட்டைப் பெரிதாக்கி அச்சடித்த டி-ஷர்ட், சாமியிடம் குறி கேட்கப் போடுகிற சிவப்புப் பிறைக்கட்டைகளைச் சின்னதாக்கிய சாவிக்கொத்து, ஊதுபத்தி மாதிரிப் பேனாக்கள், அவற்றை நிற்கவைக்கத் தூபக்கலசம் போல ஒரு டப்பா. முதலாளிக்கு எல்லாமே பிடித்தது. குழுவிலிருந்த ஒரு பெரியவர் தாளைப் பார்த்தார், சிரித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையார் படம் போட்ட செருப்பைப் பார்த்துவிட்டு ஃபேஸ்புக்கில் சண்டை போட்டவள் நான். அதே காரியத்தை அவர்களுக்குச் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி கூட்டம். என்ன கொண்டுபோவது?

பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்:

தங்கச்சி, பெரியவர் சிரித்ததற்கு முதல் காரணம் அநேகமாக அந்த 'நான்கு'. ஹொக்கியனிலும் மாண்டரினிலும் நான்கு என்று சொன்னால் சாவு என்று காதில் விழும். லிஃப்டில் நான்காம் மாடிக்கு 3ஏ என்று பட்டன் வைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள். ஆறாக்குங்கள், எட்டாக்குங்கள், அதோடு போயிற்று. மற்றவை அப்படி எண்ணை மாற்றித் தப்பிக்கக் கூடியவை இல்லை.

உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் கேமராவில் அகப்படுகிற பொருள்கள்: முகம், சீட்டு, கட்டை, குச்சி. அங்கே கும்பிட வருகிறவர்களோ கையால் கும்பிடுகிறார்கள். பினாங்கில் தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்துக்கு முன்னால் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கும் சீனர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். அவர்களில் யாரும் முருகன் மக் வாங்கி நம் சாமியிடம் வந்தவர்கள் இல்லை. நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தார்கள், தாங்களும் செய்தார்கள். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

சீன மாதத்தின் முதல் நாளோ பதினைந்தாம் நாளோ, கூட்டம் இருக்கும். காலையில் போய்த் தூபக்கலசத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம். வருகிறவர் கையில் என்ன இருக்கிறது, போகும்போது என்ன இருக்கிறது, இது மட்டும் பாருங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும் கடல்நாகத்தின் (டிராகன்) வாசல் வழியாக நுழைவார்கள், இடப்பக்கத்துப் புலிவாசல் வழியாக வெளியே போவார்கள். முதலில் வெளியே பார்த்துத் திரும்பி நின்று வானத்துக்கு, அதாவது தீ கோங் என்கிற வானத்தரசருக்கு, மூன்று ஊதுபத்தி. பிறகுதான் உள்ளே அம்மன், பக்கத்துச் சாமிகள். பல கோயில்களில் பீடத்துக்கு அடியில் இருட்டில் ஒரு புலிச்சாமி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பச்சை முட்டை, பச்சைப் பன்றிக்கொழுப்பு. கொண்டுவந்த ஆரஞ்சும் பலகாரமும் மேசையில் கொஞ்ச நேரம் இருக்கும். சாமி சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று பிறைக்கட்டையைப் போட்டுக் கேட்பார்கள். ஆயிற்று என்று விழுந்த பிறகு சாமிக்குக் காணிக்கையான தங்கத்தாளை உலையில் போட்டு எரிப்பார்கள். பழத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுவார்கள்.

இவ்வளவையும் எதில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பையில். எண்ணெய்ப் புட்டி சாய்ந்து ஊதுபத்திக் கட்டு நனைந்திருக்கும், ஆரஞ்சு உருளும், தாள்கட்டு மடங்கிப் போயிருக்கும். பாட்டிமார் காலத்தில் இதற்கென்றே அரக்குப் பூசிய மூங்கில் கூடை இருந்தது. மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த பாபா நோன்யா சீனர் வீடுகளில் பாக்குல் சியா என்பார்கள். ஜார்ஜ் டவுன் பழம்பொருள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் இப்போது தூக்குவதில்லை, கனம். ஆனால் அந்தத் தேவை போகவில்லை. அடி தட்டையாக நிற்கும் தடித்த பருத்திப் பை, எண்ணெய்ப் புட்டி நிமிர்ந்து நிற்க ஒரு அறை, தாள்கட்டு மடங்காமல் செருக ஒரு அறை, ஊதுபத்திக்கு நீளமாக ஒரு குழாய் அறை. வெளியே கோயிலின் பெயர் சின்னதாக. இதுவே உங்கள் தொகுப்பின் முதல் பொருளாக இருக்கட்டும். மாதம் இருமுறை கையில் எடுக்கிற பொருள், மக்கைவிட எத்தனையோ மடங்கு கோயிலோடு ஒட்டியிருக்கும்.

இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் அதிக நேரம் செலவிடப்போவது இதில்தான்.

கலசத்திலிருக்கும் சாம்பலைப் பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் அழுக்கு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த மக்களுக்குக் கோயிலின் உயிரே அதில்தான். மா சோ போ பிறந்ததாகச் சொல்லப்படுவது 960ஆம் ஆண்டு, ஃபூஜியான் மாநிலத்தின் மெய்ட்சோ தீவில்; லின் என்ற மீனவக் குடும்பத்துப் பெண். ஃபூஜியானிலிருந்து கடலேறியவர்கள் தாய்க்கோயிலின் கலசத்திலிருந்து கொஞ்சம் சாம்பலைச் சிவப்புத் துணியில் முடிந்து கொண்டுபோனார்கள். இறங்கிய ஊரில் அதைப் புதுக் கலசத்தில் போட்டால் அங்கே ஒரு கோயில் ஆரம்பம். தைவானிலும் தென்கிழக்காசியாவிலும் இப்படிக் கிளைத்த கோயில்கள் ஏராளம். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலிருக்கும் தியான் ஹோக் கெங் 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டப்பட்டது. சீனாவிலிருந்து அம்மன் சிலை 1840இல் ஊர்வலமாக வந்து இறங்கியது. அப்போது அந்தத் தெரு கடற்கரை. பத்திரமாகக் கரை சேர்ந்தவர்கள் நன்றி சொல்ல முதலில் நுழைந்த இடம். அதே தெருவில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நாகூர் தர்காவைக் கட்டி முடித்திருந்தார்கள், காரணம் ஏறக்குறைய இதே கடல்தான்.

அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகையை மஞ்சள் தாளில் மடித்துத் தீப்பெட்டியளவு சிவப்புத் துணிப்பைக்குள் தைத்து, கயிறு கட்டிக் கொடுப்பார்கள். கழுத்தில், கைப்பையில், காரின் முன்கண்ணாடியில் தொங்கும். நம் வீட்டில் ஊருக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் திருநீற்றுப் பொட்டலம் மடித்துக் கொடுப்பார்களே, அதைத் தெரிந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கடையில் வாங்கியதும் அது வெறும் பைதான். கோயிலுக்குள் எடுத்துப்போய்ப் பெரிய கலசத்தின் புகைக்கு மேல் கடிகாரச் சுற்றில் மூன்று முறை சுற்றினால்தான் அது சாமியுடையது. ஆக, நீங்கள் செய்வது பாதிப் பொருள். மீதியை வாங்குகிறவர் கை செய்கிறது. அதனால் கயிறு மூன்று சுற்றுக்கு வசதியாகக் கையில் பிடிக்கிற நீளம் இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையாக இருந்தால் விரல் சுடும். வருஷக்கடைசியில் கூட்டம் முட்டும்போது கலசத்தில் நூற்றுக்கணக்கான குச்சிகள் எரிந்துகொண்டிருக்கும், ஞாபகம் வையுங்கள்.

இனிதான் யாரும் யோசிக்காத கட்டம். ஒரு வருஷம் கழித்து அந்தப் பை என்ன ஆகும்? குப்பைத்தொட்டியில் போட மாட்டார்கள். கோயிலுக்கே திரும்பக் கொண்டுவந்து, காப்பாற்றியதற்கு நன்றி சொல்லி, தங்கத்தாள் எரிக்கிற உலையில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிப் போவார்கள். அதாவது நீங்கள் வடிவமைக்கிற பொருள் நெருப்பில் முடியப்போகிறது. இதைத் தெரிந்துகொண்டு உங்கள் சப்ளையர் அனுப்பிய சாம்பிளை எடுங்கள். சாட்டின் துணி, அது பாலியஸ்டர். மின்னும் தங்க நூல், அது பிளாஸ்டிக் படலம் சுற்றியது. வெளியே வியர்வை படாமலிருக்க பிவிசி உறை. அடியில் தொங்கும் குட்டி உலோக மணி. இதெல்லாம் உலைக்குள் போனால் கருகி, ஒழுகி, கறுப்புப் புகை கக்கும். உலையைச் சுத்தம் பண்ணுகிற ஆள் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

சோதனை எளிது. கயிற்றில் விரல்நீளம் வெட்டி இடுக்கியில் பிடித்து லைட்டர் காட்டுங்கள். பருத்தி என்றால் தாள் எரிகிற வாசனை வரும், சாம்பல் பூவாக உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று நிற்கும். சப்ளையர் '100 விழுக்காடு பருத்தி' என்று எழுதி அனுப்பினாலும் தைக்கிற நூலைத் தனியாகக் கொளுத்திப் பாருங்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். தங்கநிறம் வேண்டுமென்றால் மஞ்சள் பருத்தி நூலில் எம்பிராய்டரி செய்யுங்கள். மின்னாது. நாலு தடவை கழுத்தில் போட்டு வியர்வை பட்ட பிறகு அது மின்னுகிற நூலைவிட நன்றாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம். மாட்டுத்தோல் வேண்டவே வேண்டாம். அந்தக் கோயிலில் அநேகமாகக் கருணைத் தெய்வமான குவான் யின் சன்னதியும் இருக்கும். அவரைக் கும்பிடுகிறவர்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் நிறைய.

கோயில் கடையில் இந்தப் பைக்குப் பக்கத்திலேயே பழைய பைகளைப் போட ஒரு மரப்பெட்டியையும் சேர்த்து வடிவமைத்துக் கொடுங்கள். குழுவுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அந்தப் பெட்டி இல்லாமல் இப்போது கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

டி-ஷர்ட்டை விட்டுவிடுங்கள். மஞ்சள் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பது அலங்காரம் இல்லை. மேலே 'ஆணை' என்று இருக்கும், எந்தச் சாமியின் பெயரால் ஆணை என்று இருக்கும், நடுவில் என்ன காரியம், கீழே முடிச்சு மாதிரி ஒரு கையெழுத்து, எழுத்தின் மீது முத்திரை. பூசாரி மந்திரம் சொல்லி எழுதித் தருவது. யாருக்கு, எதற்கு என்று கேட்டுத்தான் தருவார். வாசலில் ஒட்டுவார்கள், மடித்துப் பையில் வைப்பார்கள், எரித்துத் தண்ணீரில் கலந்து குடிப்பவர்களும் உண்டு. அதை நெஞ்சில் அச்சடித்து, சனிக்கிழமை உள்ளாடையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போடச் சொல்கிறீர்கள். போதாததற்கு, எண்பதுகளின் ஹாங்காங் பேய்ப்படங்களில் குதித்து வருகிற பிணத்தின் நெற்றியில் ஒட்டுகிற சீட்டும் இதேதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தச் சட்டையோடு மாப்பிள்ளை வந்தால் பாட்டி என்ன நினைப்பார்!

பேனாவும் டப்பாவும் இதைவிட மோசமில்லை, ஆனாலும் வேண்டாம். குச்சிகள் நெட்டுக்குத்தாக நிற்கிற கிண்ணம் என்றால் அவர்களுக்குச் செத்தவருக்கு வைக்கிற சோறு நினைவுக்கு வரும். சோற்றில் சாப்ஸ்டிக்கைக் குத்தி நிறுத்தினால் அம்மா கையைத் தட்டிவிடுவது அதனால்தான்.

பிறைக்கட்டை கொஞ்சம் சுவாரசியமான விஷயம். அடுத்த முறை கோயிலில் ஒரு ஜோடியை அனுமதி கேட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். மூங்கில் வேரிலோ மரத்திலோ செய்தது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. எத்தனையோ பேர் உள்ளங்கை பட்டுப் பட்டுக் குவிந்த பக்கத்தில் சிவப்பு மங்கி மரம் தெரியும், தரையில் விழுந்து விழுந்து கொம்புநுனி மழுங்கியிருக்கும். கேட்பவர் முட்டிபோட்டு, தன் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் சொல்லி, கேள்வியைச் சொல்லி, நெஞ்சுக்கு நேரே பிடித்து விடுவார். ஒன்று தட்டை ஒன்று குவிவு என்று விழுந்தால் ஆம். இரண்டும் தட்டை மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வியைச் சரியாகக் கேள் என்று அர்த்தம். இரண்டும் குவிவு மேலே என்றால் இல்லை. பெரிய விஷயமென்றால் தொடர்ந்து மூன்று ஆம் விழ வேண்டும். தைவானில் சில கோயில்களில் தொடர்ந்து அதிக ஆம் வாங்குகிறவருக்குக் கார் பரிசு வைத்துப் போட்டியே நடத்துகிறார்கள், ஆகவே இந்த விஷயத்தில் விளையாட்டுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையும் இரண்டு பக்கமும் சமவாய்ப்பில் விழுந்தால் ஆம் 50 விழுக்காடு, சிரிப்பு 25, இல்லை 25. கேட்கிறவர் பக்கம் கொஞ்சம் சாய்கிற அழகான ஏற்பாடு. சாவிக்கொத்துக்காக நீங்கள் அதைப் பிசினில் வார்த்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளே காந்தம் வைத்தால் (உங்கள் முதலாளி நிச்சயம் கேட்பார்) அந்தச் சமநிலை போய்விடும், எப்போதும் ஒரே மாதிரி விழும். விளையாட்டாகப் போடுகிறவர்கூட ஒரு நாள் கவலையில் உண்மையாகவே கேட்பார். அப்போது அந்தப் பொருள் பொய் சொல்லும். அதனால் என் யோசனை: குட்டியாக்காதீர்கள். உள்ளங்கை அளவிலேயே, நல்ல மரத்தில், சாயம் உரியாத தரத்தில், பருத்திப் பையோடு ஒரு ஜோடி செய்யுங்கள். வீட்டில் சாமி மேசை வைத்திருக்கும் இளம் குடும்பங்களுக்கு இப்போது கிடைப்பது மலிவான பிளாஸ்டிக் ஜோடிதான். ஜார்ஜ் டவுனில் இன்னும் பெயர்ப்பலகை செதுக்குகிற மர ஆசாரிகள் இருக்கிறார்கள். ஒருவரிடம் முதலில் பத்து ஜோடி செய்யச் சொல்லி, ஒவ்வொன்றையும் நூறு தடவை தரையில் போட்டு எண்ணுங்கள். அலுப்பான வேலை, தம்பி தங்கைகளை உட்காரவையுங்கள்.

மக்குக்கு வருவோம். முகத்தை அச்சடிப்பது எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல முடியாது. தைவானில் கடைத்தொடர்கள் குண்டுக் கன்னத்தோடு குட்டிச் சாமி பொம்மைகள் போட்டு, ஜனங்கள் வரிசையில் நின்று சேர்த்தார்கள். 2009இல் காவ்ஷியோங்கில் நடந்த உலக விளையாட்டுகளின் தொடக்க விழாவில் மூன்றாம் இளவரசர் சாமி வேடமிட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து ஆடினார்கள். ஆனால் அங்கே அதைச் செய்தவர்கள் அந்தச் சாமியின் மடியிலேயே வளர்ந்தவர்கள். நீங்களும் நானும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள். அடுத்த வீட்டு அம்மாவைக் கேலிச்சித்திரம் வரைவதற்கு முன் ஒரு படி தள்ளி நிற்பது மரியாதை.

தள்ளி நிற்க வழி இருக்கிறது. அம்மனுக்கு இருபுறமும் இரண்டு காவலர்கள் நிற்பார்கள், ஒருவர் பச்சை, மற்றவர் சிவப்பு. ஒருவர் புருவத்துக்கு மேல் கையை வைத்து ஆயிரம் மைல் பார்ப்பவர். இன்னொருவர் காதோடு கையை வைத்துக் காற்றில் வருவதைக் கேட்பவர். முன்னால் பூதங்களாக இருந்து அம்மனிடம் தோற்று அடியாராக வந்தவர்கள் என்று கதை. முழி பிதுங்கி, பல் துருத்தி, வெறுங்காலோடு நிற்பார்கள். வரைவதற்கு இவர்களைவிட நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். மூக்குக்கண்ணாடி உறைக்குப் பார்ப்பவர், இயர்போன் உறைக்குக் கேட்பவர். வேலையும் பொருளும் ஒட்டிக்கொள்கிறதா? அம்மன் வேண்டுமென்றால் முகத்துக்கு முன் தொங்கும் மணிச்சரத்தை மட்டும் வரையுங்கள். பக்தருக்கு அது போதும்; சிலையை அவர் மனத்தில் வைத்திருக்கிறார்.

இந்த இருவரை வரையலாமா என்பதையும் குழு தானாக முடிவுசெய்ய வேண்டியதில்லை. அம்மனிடம் பிறைக்கட்டை போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தைவான் கோயில்களில் வெளியாரோடு சேர்ந்து பொருள் செய்வதற்கு இப்படிக் கேட்பது சகஜம். மூன்று ஆம் விழுந்துவிட்டால் குழுவுக்குள் முணுமுணுப்பும் அடங்கும். விழாவிட்டால்? வேறு யோசனையோடு போக வேண்டியதுதான்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் தொழிலில் இப்போது எல்லாவற்றையும் வெள்ளை அட்டையில் நீல எழுத்தில் போடுகிறார்கள், சுத்தமாக இருக்கிறது என்று. வெள்ளை விளக்கில் நீல எழுத்து என்றால் இங்குள்ள சீனர்களுக்குச் சாவு வீடு. அதே போல, தாளில் செய்த குட்டி வீடு, குட்டிக் கார் எதையும் இந்தக் கோயில் கடையில் வைக்காதீர்கள். ஜார்ஜ் டவுன் கடைவீட்டைத் தாளில் மடித்துச் செய்கிற கிட் சுற்றுலாக் கடையில் நன்றாக விற்கலாம். செத்தவருக்கு எரிப்பது தாள்வீடுதான்; கோயிலில் அதைப் பார்க்கிற பெரியம்மா, யாருக்கு எரிக்க என்று கேட்பார். தாத்தோ கோங்கின் சிவப்புக் குடிலையும் தொட வேண்டாம்; சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவராகக் கும்பிடுகிற சாமி அவர், அவர் முன்னால் பன்றிக்கறி வைக்க மாட்டார்கள். அழகாக இருக்கிறது என்று படம் போட்டால் இரண்டு சமூகத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கும்பிட வராமல் பார்க்க மட்டும் வருகிற சுற்றுலாக்காரருக்கு என்ன? அவருக்குத் தாயத்துப் பை விற்காதீர்கள். மூன்று சுற்று சுற்றத் தெரியாதவர் கையில் அது சாவிக்கொத்தாகிவிடும். அவருக்கு மடிப்புத்தாள் ஒன்று போடலாம்: எந்த வாசலில் நுழைவது, வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது, வானத்தரசருக்கு எங்கே நிற்பது, புலிச்சாமியை எங்கே குனிந்து தேடுவது. படம் அதிகம், எழுத்து குறைவு. கொஞ்சம் பணம் செலவழிக்கத் தயாராக இருக்கிறவருக்குக் கூரையைக் காட்டுங்கள். அங்கே நெளிகிற நாகமும் பூவும் வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் துண்டுபோட்டுச் சுண்ணச்சாந்தில் ஒட்டிச் செய்தவை. ஒவ்வொரு செதிலும் ஒரு கிண்ணத்தின் வளைவு. அந்த வேலையில் ஒரே ஒரு பூ செய்கிற கிட், முன்கூட்டி வெட்டிய துண்டுகளோடு, மதியம் முழுக்கக் கைக்கு வேலை கொடுக்கும். ஓரங்களைத் தேய்த்து மழுக்கித்தான் பெட்டியில் போட வேண்டும், வெட்டிவிடும்.

தைவானிலிருந்து இன்னொன்றும் சொல்கிறேன், திருட அனுமதியோடு. தாஜியா ஊரின் மா சோ போ ஆண்டுக்கொரு முறை ஒன்பது நாள் எட்டு இரவு, 300 கிலோமீட்டருக்கு மேல் ஊர்வலம் போவார். கூட நடப்பவர்கள் தோளில் ஒரு சின்ன முக்கோணக் கொடி இருக்கும். வழியில் ஒவ்வொரு கோயிலிலும் கொடியைக் கலசத்துக்கு மேல் காட்டி, அந்தக் கோயிலின் சீட்டு ஒன்றை வாங்கி அதில் கட்டிக்கொள்வார்கள். வீடு திரும்பும்போது துணியே தெரியாத அளவுக்குக் கொடி தடித்திருக்கும். இரண்டு பேர் கொடி ஒன்றாக இருக்காது. உங்கள் கோயிலில் மூன்றாம் சீன மாதம் 23ஆம் நாள் அம்மன் பிறந்தநாள் விழா நடக்கும். அன்றைக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு சீட்டு கட்டிக்கொள்ளத் துளைகள் வைத்த ஒரு பருத்திக்கொடி கொடுத்துப் பாருங்கள். முதல் வருஷம் மொட்டையாகத்தான் இருக்கும். வாங்கியவர் அடுத்த வருஷம் வருவார்.

பதிப்புரிமையை உங்கள் முதலாளி மறந்துவிடுவார், நீங்கள் மறக்காதீர்கள். கோயில் கதவில் இருக்கும் காவல்தெய்வங்களையோ சுவரோவியத்தையோ எடுத்துப் பையில் அச்சடிப்பதற்கு முன் யார் வரைந்தது, எப்போது என்று கேளுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து 50 ஆண்டுகள்வரை அதற்குப் பதிப்புரிமை உண்டு. 'கோயிலில் இருக்கிறது, எல்லாருக்கும் பொது' என்கிற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. நீங்கள் வரைகிற காவலர்கள் யாருக்குச் சொந்தம், கோயிலுக்கா நிறுவனத்துக்கா, அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கோயில் பெயரில் வேறு எங்கும் விற்கமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால் குழு நிம்மதியாகக் கையெழுத்துப் போடும்.

கூட்டத்துக்கு ஸ்லைடு கொண்டுபோக வேண்டாம். தைத்த பை ஒன்று, எண்ணெய்ப் புட்டியும் ஆரஞ்சும் ஊதுபத்தியும் உள்ளே நிரப்பி. தாயத்துப் பை இரண்டு மூன்று நிறத்தில், சாம்பல் இல்லாமல். சாம்பல் போடுவது அவர்கள் வேலை. கட்டை ஒரு ஜோடி. அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பொருளை இரண்டு கையாலும் கொடுங்கள், அவர் வாய் திறக்கும்வரை விளக்கம் சொல்லாதீர்கள். முதலில் பழைய பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்டுவிடாதீர்கள், அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பிறகு பருத்தி நூலையும் பாலியஸ்டர் நூலையும் அவர் முன்னாலேயே கொளுத்திக் காட்டுங்கள்; ஆஸ்ட்ரே ஒன்று மட்டும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

விலையில் நான்கு வரக் கூடாது, எட்டில் முடிந்தால் நல்லது. முதல் தடவை நூறு பைக்கு மேல் தைக்காதீர்கள், விழாவில் எது போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடலாம். கோயில் குழு என்றால் கையெழுத்துப் போட மூன்று பேர் கூட வேண்டும், அவர்களில் ஒருவர் எப்போதும் வெளியூரில் இருப்பார். ஆகவே பாதிப் பணம் கணக்கில் விழுந்த பிறகே துணியை வெட்டச் சொல்லுங்கள்.